முப்பதாவது விதி பிறந்த கதை

ஆஸ்திரேலியாவின் ஃபுட்டி ஆட்டத்தில் எதிராளியின் தோல் நிறத்தைச் சொல்லித் திட்டுவது 1995 வரை குற்றமே இல்லை. முழங்கையால் இடித்தால் விசாரணை உண்டு. முதுகைப் பிடித்துத் தள்ளினால் எதிரணிக்கு ஃப்ரீ கிக் உண்டு. வாயால் சொல்வதற்கு மட்டும் எதுவும் கிடையாது. கோலிங்வுட் அணியின் கேப்டன் டோனி ஷா 1991-ல் பத்திரிகைக்காரர்களிடம் இதை ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். ஆட்டத்தை ஜெயிக்க உதவும் என்றால் வாராவாரம் நிறவெறிப் பேச்சு பேசத் தயார், எதிராளி என்ன இனம், என்ன மதம் என்பது தனக்கு ஒரு பொருட்டல்ல, அவன் கொதித்தால் போதும், ஆள் சிக்கிவிட்டான் என்று அர்த்தம். அவர் பேச்சின் சாரம் இதுதான். அவர் ஒருவர் மட்டும் அப்படி நினைக்கவில்லை. மற்றவர்கள் மனதுக்குள் வைத்திருந்ததை அவர் வெளியே சொன்னார்.

ஃபுட்டி தமிழ் வாசகர்களுக்கு அதிகம் பழகாத ஆட்டம். கிரிக்கெட்டால் நமக்குத் தெரிந்த அதே மெல்பர்ன் மைதானம்தான் குளிர்காலத்தில் ஃபுட்டி மைதானமாகிவிடும். பக்கத்துக்கு 18 பேர். முட்டை வடிவப் பந்தை உதைக்கலாம், முஷ்டியால் தட்டிவிடலாம், அடுத்தவர் தோளில் முட்டி போட்டு எகிறிப் பிடிக்கலாம். 1859-ல் இதன் விதிகள் மெல்பர்னில் எழுதப்பட்டன. கார்ல்டன், கோலிங்வுட், எஸெண்டன், செயின்ட் கில்டா என்று பழைய கிளப்புகளின் பெயர்கள் பெரும்பாலும் அந்த நகரத்துப் பேட்டைகளின் பெயர்கள். தாத்தா எந்தக் கிளப்போ பேரனும் அதே கிளப். இந்தப் பற்றின் பெயரால் கூட்டம் எதைக் கத்தினாலும் ஆட்டத்தில் இதெல்லாம் சகஜம் என்று சொல்லிக் கடந்துபோவது வழக்கமாக இருந்தது.

சகஜம் என்று சொன்னவர்கள் யாரும் அதைக் கேட்க வேண்டிய இடத்தில் இருந்தவர்கள் அல்ல. டக் நிக்கோல்ஸ் என்ற பூர்வகுடி இளைஞர் 1927-ல் கார்ல்டன் கிளப்பில் சேரப் போனார். ஆட்டக்காரர்களுக்கு உடம்பு பிடித்துவிடும் பணியாளர்கள் அவரைத் தொட மறுத்தார்கள். நாற்றமடிக்கிறது என்றார்கள். அவர் நார்த்கோட் என்ற சிறிய கிளப்புக்குப் போய் ஆடி, 1932-ல் ஃபிட்ஸ்ராய் அணிக்கு வந்தார். அதே நிக்கோல்ஸ் 1972-ல் சர் பட்டம் பெற்றார். 1976-ல் தெற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தின் ஆளுநரானார். இன்று ஆண்டுதோறும் பூர்வகுடிகளைக் கொண்டாடும் சுற்று ஆட்டங்களுக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் தொடமாட்டேன் என்ற அந்த ஒரு பேச்சு என்னவென்று நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகு வந்த ராபர்ட் மியூர் கதை இன்னும் கசப்பானது. 1970-களிலும் 80-களிலும் செயின்ட் கில்டாவுக்கு ஆடியவர். கூட்டம் அவர்மீது துப்பியது, எதிராளிகள் நிறத்தைச் சொல்லிச் சீண்டினார்கள். அவர் கையை ஓங்கினார். திட்டியவனுக்கு ஒன்றுமில்லை, அடித்தவருக்குத் தடைக்கு மேல் தடை. பத்திரிகைகள் அவருக்கு ‘வெறிநாய்’ என்று பட்டப்பெயர் சூட்டின. ஒரு மனிதன் ஏன் கொதிக்கிறான் என்று கேட்காமல், கொதிக்கும் ஆள் என்பதையே அவன் அடையாளமாக்கினார்கள். நடந்ததையெல்லாம் 2020-ல் அவர் வாய் திறந்து சொன்ன பிறகுதான் கிளப்பும் லீக் நிர்வாகமும் அவரிடம் மன்னிப்புக் கேட்டன. ஆட்ட வாழ்க்கை முடிந்து முப்பத்தைந்து ஆண்டு கழித்து வந்த மன்னிப்பு அது.

வாங்கிக்கொண்டு அடங்குவது, இல்லை திருப்பி அடித்துத் தடை வாங்குவது. பூர்வகுடி ஆட்டக்காரனுக்கு இருந்த வழி இந்த இரண்டுதான். மூன்றாவது ஒன்றை நிக்கி வின்மார் காட்டினார்.

1993 ஏப்ரல் 17, சனிக்கிழமை. கோலிங்வுட்டின் சொந்த மைதானமான விக்டோரியா பார்க். செயின்ட் கில்டாவின் வின்மாரும் கில்பர்ட் மெக்ஆடமும் பூர்வகுடிகள். ஆட்டம் தொடங்கும் முன்பே வசவு தொடங்கிவிட்டது. அன்று முழுக்க அது ஓயவில்லை. இருவரும் கையை ஓங்கவில்லை, ஆட்டத்தை ஆடினார்கள். மெக்ஆடம் ஐந்து கோல் அடித்தார். செயின்ட் கில்டா 22 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தது. கடைசி சங்கு ஊதியதும் வின்மார், தன்னை நாளெல்லாம் திட்டிய கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். இடக்கையால் பனியனை மார்புவரை தூக்கி, வலக்கை ஆள்காட்டி விரலால் தன் வயிற்றுத் தோலைச் சுட்டினார். நான் கறுப்பன், கறுப்பனாக இருப்பதில் எனக்குப் பெருமை என்று சொன்னார்.

வெய்ன் லட்பி, ஜான் ஃபெடர் என்ற இரண்டு புகைப்படக்காரர்கள் அந்த நொடியைப் பிடித்தார்கள். அந்தப் படம் இன்றும் பேசுகிறது. முகத்தில் கோபம் கொப்பளிக்கவில்லை, நிமிர்ந்த தலை, கூட்டத்தை நேராகப் பார்க்கும் கண், தோலைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒற்றை விரல். வயிற்றைக் காட்டியது அணியின் நெஞ்சுரத்தைச் சொல்லத்தான் என்று விளக்கம் கொடுத்தவர்களும் இருந்தார்கள். கண்ணெதிரே நடந்ததைக் கூட வேறொன்றாக மாற்றிப் படிக்கும் சாமர்த்தியம் அது. லட்பி அங்கே நின்று காதால் கேட்டவர். அதனால் அந்தத் திரிப்பு நிலைக்கவில்லை.

சில நாள் கழித்து கோலிங்வுட் கிளப்பின் தலைவர் ஆலன் மெக்அலிஸ்டர் தொலைக்காட்சியில் பேசினார். பூர்வகுடிகள் வெள்ளைக்காரர்களைப் போல நடந்துகொள்ளும்வரை எல்லோரும் அவர்களை மதிப்பார்கள் என்றார். நல்லெண்ணத்தோடு பேசுவதாகவே அவர் நினைத்திருக்க வேண்டும். எனக்கு மைதானத்து வசவைவிட இந்தப் பேச்சுதான் அதிகம் உறுத்துகிறது. வசவு பேசுகிறவனுக்குத் தான் புண்படுத்துகிறோம் என்றாவது தெரியும்.

நாடும் அப்போது ஒரு திருப்பத்தில் நின்றது. யாருமில்லாத நிலத்தில்தான் வெள்ளையர் குடியேறினார்கள் என்ற இருநூறு ஆண்டுப் பொய்யை 1992 ஜூனில் மாபோ வழக்கில் உயர் நீதிமன்றம் உடைத்தது. அந்த டிசம்பரில் சிட்னியின் ரெட்ஃபெர்ன் பகுதியில் பேசிய பிரதமர் பால் கீட்டிங், பூர்வகுடிகளிடமிருந்து குழந்தைகளைப் பறித்தவர்கள் நாங்கள்தான் என்று வாய்விட்டு ஒப்புக்கொண்டார். அந்தப் பறிப்பு மைக்கேல் லாங் என்ற பூர்வகுடி ஆட்டக்காரரின் வீட்டில் நடந்த ஒன்று.

லாங் வடக்கே டார்வினில் பிறந்தவர். அவருடைய அப்பா, அம்மா இருவருமே சிறு வயதில் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டு, மெல்வில் தீவின் கத்தோலிக்க மிஷனில் வளர்க்கப்பட்டவர்கள். கலப்பில் பிறந்த பிள்ளைகளைத் தாயிடமிருந்து எடுத்துப்போய் வெள்ளையர் முறைப்படி வளர்ப்பது அன்றைய அரசாங்கக் கொள்கை. லாங் 1989-ல் எஸெண்டன் அணிக்கு வந்தார். 1993 இறுதி ஆட்டத்தில் எஸெண்டன் கோப்பை வென்றபோது ஆட்டநாயகனுக்கான நார்ம் ஸ்மித் பதக்கம் அவருக்குத்தான். அதிகம் பேசாதவர்.

1995 ஏப்ரல் 25. போரில் இறந்த வீரர்களை ஆஸ்திரேலியா நினைவுகூரும் அன்சாக் நாள். அந்த நாளில் எஸெண்டனும் கோலிங்வுட்டும் மோதும் வழக்கம் அந்த ஆண்டுதான் தொடங்கியது. மெல்பர்ன் மைதானத்தில் 94,825 பேர். ஆட்டம் 111-க்கு 111 என்று சமனில் முடிந்தது. இன்றும் அந்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்லிச் சொல்லி மகிழ்கிறவர்கள் இருக்கிறார்கள். அதன் கடைசிக் கால் பகுதியில், லாங்கை மடக்கிப் பிடித்த கோலிங்வுட்டின் டேமியன் மாங்க்ஹர்ஸ்ட் ஒரு வசவை வீசினார். நிறத்தை ஒரு சொல்லிலும் தகப்பன் பெயர் தெரியாத பிறப்பு என்பதை இன்னொரு சொல்லிலும் வைத்த வசவு. ஆட்ட மைதானத்தில் எத்தனையோ ஆயிரம் தடவை சொல்லப்பட்டதுதான். ஆனால் பிறப்பைக் காரணம் காட்டித் தாயிடமிருந்து பிடுங்கப்பட்ட இருவரின் மகனிடம் சொல்லப்பட்டது. மாங்க்ஹர்ஸ்டுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எல்லோரும் சொன்னதை அவரும் சொன்னார். அவரைத் தனியாக வில்லனாக்கினால் இந்தக் கதை புரியாமல் போய்விடும்.

லாங் அடிக்கவில்லை. அடங்கிப்போகவும் இல்லை. தன் கிளப்பிடம் போய்ச் சொன்னார், கிளப் லீகிடம் புகார் கொடுத்தது. புகாரை எந்த விதியின் கீழ் எடுப்பது என்று பார்த்தால் அப்படி ஒரு விதியே இல்லை. லீக் நிர்வாகம் தனக்குத் தெரிந்த வழியில் போனது. இருவரையும் கூப்பிட்டுச் சமரசம் பேசியது. பிறகு பத்திரிகையாளர்கள் முன்னால் மேஜை போட்டு உட்கார வைத்தது. தலைமை நிர்வாகி ராஸ் ஓக்லி, விஷயம் பேசித் தீர்க்கப்பட்டுவிட்டது, இரு தரப்புக்கும் திருப்தி என்ற தோரணையில் அறிவித்தார். தண்டனை எதுவும் இல்லை. லாங்கின் முகத்தில் திருப்தியின் சாயல்கூட இல்லை. தனக்குத் திருப்தி இல்லை என்பதைப் பிறகு அவர் சொல்லவும் செய்தார்.

அந்த மேஜையைத்தான் நான் இந்தக் கதையின் மையமாகப் பார்க்கிறேன். வசவு பட்டவரைச் சொன்னவரின் பக்கத்தில் உட்காரவைத்து, கேமராவுக்கு முன்னால் பெருந்தன்மை காட்டச் சொன்னார்கள். அவர் சரி என்று தலையாட்டியிருந்தால் எல்லோருக்கும் நிம்மதி. நம் ஊர்ப் பஞ்சாயத்துகளிலும் பாதிக்கப்பட்டவன் தலையில்தானே சமாதானத்தின் பாரம் ஏறும். லாங் தலையாட்ட மறுத்தார். மாங்க்ஹர்ஸ்டுக்குத் தடை போடச் சொல்லி அவர் கேட்கவில்லை. தனக்குப் பின்னால் வரும் பிள்ளைகள் இதைக் கேட்டுக்கொண்டு ஆடக் கூடாது என்றுதான் கேட்டார். அணியில் உடனிருந்த சே காக்கட்டூ-காலின்ஸ் போன்ற பூர்வகுடி வீரர்கள் அவரோடு நின்றார்கள். பயிற்சியாளர் கெவின் ஷீடியும் நின்றார்.

இரண்டே மாதத்தில், 1995 ஜூன் 30 அன்று, லீகின் விதிப்புத்தகத்தில் முப்பதாவது விதி ஏறியது. ஒருவரின் இனம், மதம், நிறம், வம்சாவளி, தேசம் ஆகியவற்றை வைத்து அவரை மிரட்டவோ இழிவுபடுத்தவோ அவமதிக்கவோ கூடாது என்றது. புகாரை நடுவரோ கிளப்போ கொடுக்கலாம். முதலில் இரு தரப்பும் மூடிய அறையில் உட்கார்ந்து பேச வேண்டும், அங்கே பேசியதை வெளியே சொல்லக் கூடாது. அது பலிக்காவிட்டால் விசாரணை மன்றம். அபராதம் கிளப்புக்கு. அது 50,000 டாலர் வரை போகும். ஆட்டக்காரர்களுக்கு வகுப்பும் நடத்த வேண்டும்.

அபராதத்தைக் கிளப்பின் தலையில் போட்டது கெட்டிக்காரத்தனம். அதுவரை வசவு அணிக்கு லாபம் தரும் உத்தியாக இருந்தது. டோனி ஷா பேச்சின் தர்க்கமே அதுதான். இனி அது கிளப்பின் கல்லாப்பெட்டியைக் கடிக்கும். மனசாட்சி விழித்ததோ இல்லையோ, கணக்குப்பிள்ளை விழித்துக்கொண்டார். இனப் பாகுபாட்டுச் சட்டத்தில் பொது இடத்து இன அவமதிப்புக்கு எதிராக நாடாளுமன்றம் சேர்த்த 18சி என்ற பிரிவும் அந்த அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அந்தப் பிரிவைப் பற்றி ஆஸ்திரேலிய அரசியல்வாதிகள் பல ஆண்டு சண்டை போட்டார்கள். ஃபுட்டியின் விதியைப் பற்றி அவ்வளவு சண்டை இல்லை. அதைப் பெற்றுத் தந்தவர்கள் ஆட்டக்காரர்கள் நேரில் அறிந்த சக ஆட்டக்காரர்கள் என்பது அதற்குக் காரணமாக இருக்கலாம்.

விதி வந்த மறுநாளே வாய்கள் மூடிவிடவில்லை. 1999-ல் செயின்ட் கில்டாவின் பீட்டர் எவரிட், மெல்பர்ன் அணியின் ஸ்காட் சிஷோமைத் திட்டிவிட்டு நான்கு ஆட்டங்கள் வெளியே உட்கார்ந்தார். நான்கு ஆண்டுக்கு முன்னால் இது நினைத்துப் பார்க்க முடியாத ஒன்று. களத்துக்குள் ஆட்டக்காரன் ஆட்டக்காரனைத் திட்டுவது மெல்ல அருகியது.

கிரிக்கெட்டுக்கும் அந்தக் காற்று வந்து சேர்ந்தது. 2003 ஜனவரியில் பிரிஸ்பேனில் இலங்கைக்கு எதிரான ஒருநாள் ஆட்டத்தில் ரன் அவுட்டான டேரன் லேமன், உடைமாற்றும் அறைக்குத் திரும்பியதும் நிறத்தைச் சேர்த்து ஒரு கெட்ட வார்த்தையைக் கத்தினார். இலங்கை வீரர்களின் காதில் அது விழுந்தது. லேமன் மன்னிப்புக் கேட்டார், இலங்கை அணி ஏற்றுக்கொண்டது. பழைய நாளென்றால் அதோடு கதை முடிந்திருக்கும். சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் தலைமை நிர்வாகி மால்கம் ஸ்பீட் விடவில்லை, தானே குற்றச்சாட்டுப் பதிந்தார். லேமனுக்கு ஐந்து ஒருநாள் ஆட்டங்களில் தடை. இன வசவுக்காகத் தடை வாங்கிய முதல் சர்வதேச வீரர் அவர். அவமதிக்கப்பட்டவர்கள் மன்னித்த பிறகும் குற்றம் குற்றமாகவே நின்றது என்பதை இதில் கவனிக்க வேண்டும்.

விதியின் கை எட்டாத இடம் ஒன்று இருந்தது. பார்வையாளர் மேடை. 2013 மே 24 இரவு, பூர்வகுடிகள் சுற்றின் முதல் ஆட்டம். சிட்னி அணியின் பூர்வகுடி வீரர் ஆடம் குட்ஸ் எல்லைக்கோட்டருகே ஓடியபோது வேலிக்கு அப்பாலிருந்து அவரைக் குரங்கு என்று ஒரு குரல் அழைத்தது. அவர் நின்று, திரும்பி, குரல் வந்த திசையைக் காவலர்களுக்குக் கைகாட்டினார். அங்கே இருந்தது 13 வயதுச் சிறுமி. மறுநாள் அவர் சொன்னது, அந்தப் பெண்ணைக் குறைசொல்லாதீர்கள், அவளுக்கு ஆதரவு கொடுங்கள் என்பதுதான். அந்த வயதுப் பிள்ளைக்கு அந்தச் சொல் எங்கிருந்து வந்திருக்கும் என்று அவருக்குத் தெரியும். ஐந்தே நாளில் கோலிங்வுட் தலைவர் எட்டி மெக்வயர் வானொலியில் குட்ஸையும் கிங்காங்கையும் சேர்த்து ஒரு ‘ஜோக்’ அடித்தார். சிறுமியின் பேச்சுக்காக முந்தைய வாரம் குட்ஸிடம் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டவரும் இதே மெக்வயர்தான்.

குட்ஸ் 2014-ல் ஆண்டின் சிறந்த ஆஸ்திரேலியராகத் தேர்வானார். 2015-ல் ஊர் ஊராகக் கூட்டம் அவரைக் கூச்சலிட்டே விரட்டியது. வசவு என்று சொல்ல முடியாத, புகார் எழுத முடியாத வெறும் ‘பூ’ சத்தம். விதிக்குப் பிடிபடாத வடிவத்தை வெறுப்பு தானே கண்டுபிடித்துக்கொண்டது. அவர் அந்த ஆண்டோடு ஓய்வு பெற்றார். அவருக்காகப் போதுமான அளவு செய்யவில்லை என்று லீகும் 18 கிளப்புகளும் 2019-ல் மன்னிப்புக் கேட்டன. மூடிய அறையின் ரகசியமும் தன் பங்குக்குக் கெடுத்தது. கோலிங்வுட்டின் உடைமாற்றும் அறையில் தன்னைச் சிம்பன்ஸி என்று சுருக்கிக் கூப்பிட்டார்கள் என்று எரிட்டியே லுமும்பா சொன்னபோது கிளப் பல காலம் செவிசாய்க்கவில்லை. பேராசிரியர் லாரிசா பெஹ்ரென்ட் தலைமையில் தயாரான அறிக்கை, கிளப்பில் நிறவெறி அமைப்பாகவே ஊறியிருக்கிறது என்று சொன்னது. 2021 பிப்ரவரியில் அது வெளியில் கசிந்தது. இது கிளப்புக்குப் பெருமைமிக்க நாள் என்றார் மெக்வயர். எட்டு நாளில் பதவி விலகினார்.

அந்த ஆண்டிலேயே அடிலெய்டில் நடந்ததை வைத்து விதிக்கு எவ்வளவு வயதாகிவிட்டது என்று பார்க்கலாம். அடிலெய்டு அணியின் நட்சத்திரம் டெய்லர் வாக்கர் உள்ளூர் ஆட்டமொன்றைப் பார்க்கப் போயிருந்தார். இடைவேளையில், ஆடிக்கொண்டிருந்த பூர்வகுடி வீரர் ராபி யங்கைப் பற்றி இன வசவு ஒன்றைச் சொன்னார். யங் அதைக் கேட்கவே இல்லை. கேட்டது வாக்கரின் சொந்தக் கிளப்பைச் சேர்ந்த ஓர் அலுவலர். அவர் அதைத் தனக்குள் புதைத்துக்கொள்ளாமல் மேலே சொன்னார். வாக்கருக்கு ஆறு ஆட்டத் தடை. அதோடு பூர்வகுடிகளுக்கான திட்டத்துக்கு 20,000 டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. 1995-ல் லாங் தனியாகச் சுமந்ததை இங்கே பக்கத்தில் நின்றவர் எடுத்துக்கொண்டார். யங் புகாரும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை, கையையும் ஓங்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் அடுத்து வந்தது மன்னிப்பு வீடியோ. வாக்கர் எழுதிவைத்ததைப் பார்த்துப் பேச, பக்கத்து நாற்காலியில் ராபி யங்கை உட்கார வைத்திருந்தார்கள். இருபத்தாறு ஆண்டுக்குப் பிறகும் அதே ஏற்பாடு. இந்த முறை நாடே அதைச் சுட்டிக்காட்டிக் கண்டித்தது. அதே வாரம் பூர்வகுடி நட்சத்திரம் எட்டி பெட்ஸ் தொலைக்காட்சியில் உடைந்துபோய்ப் பேசினார். போராடிப் போராடிச் சலித்துவிட்டது, வந்து ஆட்டத்தை ஆடிவிட்டுப் போகத்தான் ஆசை என்றார். அப்போது அவருக்கு 34 வயது. அந்தப் பருவத்தோடு, 350 ஆட்டங்களில், ஓய்வு பெற்றார். இப்போது அவர் சின்னப் பிள்ளைகளுக்காகப் புத்தகங்கள் எழுதுகிறார். ‘எட்டீஸ் லில் ஹோமீஸ்’ என்ற அந்த வரிசை 2024-ல் கார்ட்டூன் தொடராகவும் வந்துவிட்டது. பூர்வகுடிப் பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளும் ஒரே கும்பலாகச் சேர்ந்து விளையாடும் கதைகள் அவை. ஆறேழு வயதிலேயே பிள்ளைகளைப் பிடித்துவிட வேண்டும் என்பது அவருடைய திட்டம்.